பிள்ளைகளைக் குசினிக்குள் விடுங்கள், ஆனால் தனியாக விடாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். ஆரம்பப் பிரிவில் படிக்கும் பிள்ளைகள் உள்ள பெற்றோர் கட்டாயம் வாசித்தால் சந்தோசம்.

போன வருடம் மழைக் காலத்தில் ஒரு நாள் எனக்குக் கடுமையான காய்ச்சல். கணவர் வேலை விஷயமாகக் கொழும்புக்குப் போயிருந்தார். மாமி மதினி வீட்டில். வீட்டில் நானும் இரண்டு பிள்ளைகளும் மட்டும்தான். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. காலையில் மாத்திரை போட்டுப் படுத்தவள் கண் விழித்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. இரண்டு பேரும் கட்டில் ஓரத்தில் ஒரு பிஸ்கட் பக்கற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"பிஸ்கட் உம்மா."

"இப்ப?"

"இதுவும் பிஸ்கட்தான்."

குசினியில் பாண் இருந்தது. முதல் நாள் இரவு ஆக்கிய பருப்புக் கறி மூடி வைத்திருந்தது. வாழைப்பழம் ஒரு சீப்பு தொங்கிக்கொண்டிருந்தது. பாணில் பருப்பை வைத்துத் தங்கச்சிக்குக் கொடுக்கலாம் என்று 9 வயதுப் பிள்ளைக்குத் தோன்றவே இல்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவன் மேல் என்ன பிழை? மூன்று வயதிலிருந்து அவன் குசினி வாசலுக்கு வரும் போதெல்லாம் நான் சொன்னது ஒரே வசனம்தான்: "வெளிய போங்க வாப்பா, சுடும்." பிள்ளை சொல் கேட்டிருக்கிறான். அவ்வளவுதான்.

இதே நேரத்தில் என் வகுப்பில் இன்னொரு பிள்ளை இருந்தாள். அவளுக்கும் 9 வயது. (அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) தரம் 4. வாரத்தில் மூன்று நாளாவது பிந்தி வருவாள். உடுப்பில் விறகுப் புகை மணக்கும். வீட்டுப் பாடம் அரைவாசி செய்திருப்பாள், இல்லாவிட்டால் செய்திருக்கவே மாட்டாள். நான் பல தடவை ஏசியிருக்கிறேன். ஒரு நாள் கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன், ஏன் தினமும் இப்படி என்று. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"தம்பிக்கு ரொட்டி சுட்டுக் குடுத்துட்டு, அவன பிள்ளக்காம்பராவுல விட்டுட்டு வந்தேன் டீச்சர்."

அம்மா வெளிநாட்டில், வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். அப்பா கொழும்பில் ஒரு கடையில். மாதத்துக்கு ஒரு தடவை வருவார். பாட்டி விடிந்ததும் பெரட்டுக்குப் போய்விடுவார், கொழுந்து நிறுத்து முடித்து வரப் பின்னேரம் ஆகும். நமது தோட்டப்புறங்களில் இது புதினமான கதை இல்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் என் மேசைக்கு முன்னால் நின்று ஒரு பிள்ளை அதைச் சொல்லும்போது, நான் இவ்வளவு நாள் ஏசிய ஏச்செல்லாம் எனக்கே திரும்பி வந்தது.

ஒரே வயதில் இரண்டு பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு எல்லாம் தெரியும். அந்த வயதில் அவ்வளவு தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் அவளுக்கு வந்திருக்கக் கூடாது. மற்றப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள நான் விடவில்லை.

காய்ச்சல் விட்டுப் பாடசாலைக்குப் போன முதல் நாள் நான் இன்னொரு பிழையும் செய்தேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் பிள்ளையை உற்சாகப்படுத்த நினைத்து, வகுப்பு முழுவதும் கேட்க, "இவ தனியா ரொட்டி சுடுவா, தம்பியையும் பாத்துக்குவா. உங்கள்ல யாருக்கு இது முடியும்?" என்று கேட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். இடைவேளையில் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள், "இனிமே அத சொல்லாதீங்க டீச்சர். ஒங்க அம்மா எங்கனு எல்லாரும் கேக்குறாங்க."

நல்லது செய்வதாக நினைத்து அவளுடைய வீட்டுக் கஷ்டத்தை வகுப்புக்கு நடுவில் எடுத்துப் போட்டிருக்கிறேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த வாரம் கணித பாடத்தில் பின்னம். இந்தத் தடவை யாருடைய வீட்டைப் பற்றியும் பேசவில்லை. கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் உப்பும் ஒரு பெரிய பேசினும் கொண்டு போனேன். கையைக் கழுவிவிட்டு எல்லாப் பிள்ளைகளும் குழுக் குழுவாகப் பிசைந்தார்கள். இரண்டு கப் மாவுக்கு ஒரு கப் தேங்காய்ப்பூ. நாலு பேருக்கு இரண்டு கப் என்றால் ஆறு பேருக்கு எத்தனை? உருண்டையை இரண்டாக்கு, நாலாக்கு, எட்டாக்கு. நெருப்பு வேலை பிள்ளைகளிடம் இல்லை. பாடசாலையில் சாப்பாடு சமைக்கும் அக்கா சுட்டுத் தந்தார்.

"எட்டில் இரண்டு பெரிதா, நாலில் ஒன்று பெரிதா?" என்று கேட்டேன். புலமைப்பரிசில் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் கூட யோசித்தார்கள். அதுவரை ஒரு தடவையும் கை தூக்காத அந்தப் பிள்ளை கை தூக்கினாள்.

"ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர். சின்னதா சுட்டா ரெண்டு குடுப்பேன், பெருசா சுட்டா ஒண்ணு குடுப்பேன். அதே மாவுதான்."

கரும்பலகையில் மூன்று நாள் எழுதியும் என்னால் புரிய வைக்க முடியாததை அவள் இரண்டு வசனத்தில் முடித்துவிட்டாள். இந்தத் தடவை வகுப்பு அவளைப் பார்த்தது வேறு மாதிரி. அவளும் தலை குனியவில்லை.

கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் ஜோன் டூயி பற்றிப் பரீட்சைக்காகப் பாடமாக்கினோம். 1896இல் சிக்காகோவில் அவர் ஆரம்பித்த பரிசோதனைப் பாடசாலையில் சமையலும் தையலும் தச்சு வேலையும் பாடங்களாக இருந்தன. சமைக்கும்போதே அளவை, கணிதம், விஞ்ஞானம் எல்லாம் வரும் என்பது அவருடைய எண்ணம். அடுத்தது மரியா மொண்டிசூரி. 1907இல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் அவர் திறந்த சிறுவர் இல்லத்தில் பிள்ளைகள் கழுவுவது, துடைப்பது, ஊற்றுவது, பரிமாறுவது என்று வீட்டு வேலைகளைத் தங்கள் கையாலேயே பழகினார்கள். அந்த அம்மையார் 1944இல் நமது நாட்டுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். முன்பள்ளியை நாம் இன்றும் "மொண்டிசூரி" என்றுதான் சொல்கிறோம். ஆனால் அங்கேயும் மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுத்து எழுத்தெழுதச் சொல்லிக் கேட்கிறோம். ஒரு கோப்பைத் தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றப் பழகிய விரல்தான் பிறகு பென்சிலையும் ஒழுங்காகப் பிடிக்கும். பரீட்சைக்கு எழுதிப் புள்ளி வாங்கிய எனக்கே அது வீட்டில் ஞாபகம் வரவில்லை.

அப்படியாக எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலைச் சாப்பாடு பிள்ளைகளுடையது என்று முடிவெடுத்தோம். முதல் சனிக்கிழமை குசினித் தரையில் மா, சுவரில் மா, மகளின் தலைமயிரில் மா. ரொட்டி இலங்கைப் படம் மாதிரி வந்தது. துப்புரவாக்க எனக்கு ஒரு மணித்தியாலம் போனது. உண்மையைச் சொன்னால் இரண்டு தடவை "விடுங்க, நானே செய்றேன்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வேறு நாளில் அரை ரொட்டிக்கே அடம் பிடிக்கும் மகள், தன் கையால் தட்டிய இரண்டு ரொட்டியைச் சாப்பிட்டாள்.

மாமிக்குப் பிடிக்கவில்லை. "ஆம்புளப் புள்ளைக்குக் குசினிக்குள்ள என்ன வேல?" என்றார். மாமியை நான் குறை சொல்லவில்லை, அவர் வளர்ந்த விதம் அப்படி. நான் ஒன்று மட்டும் கேட்டேன். "மாமி, நம்ம கல்யாண வீடுகள்ல சஹனுக்குப் புரியாணி ஆக்குறது ஆர்? டவுன்ல ஹோட்டல்கள்ல கொத்து ரொட்டி போடுறது ஆர்? எல்லாம் ஆம்புளைகள் தானே. சம்பளம் வாங்கிச் சமைச்சா மரியாத, வீட்டில சமைச்சா மட்டும் குறைச்சலா?" மாமி சிரித்துவிட்டார்.

நமது நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஒத்தாசையாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழுகைக்குப் புறப்படுவார்கள் என்ற கருத்தில் பதில் சொன்னதாக ஹதீஸில் வருகிறது. அந்த சுன்னத்தை நம்மில் எத்தனை ஆண்கள் எடுத்திருக்கிறோம்? இன்னொரு ஹதீஸும் எனக்கு மிகவும் பிடிக்கும். உமர் இப்னு அபீ ஸலமா சிறு பிள்ளையாக இருந்தபோது, சாப்பாட்டுத் தட்டில் அவருடைய கை அங்கும் இங்கும் அலைந்தது. நபியவர்கள் அவரை அந்த இடத்தை விட்டு எழுப்பி அனுப்பவில்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டே பிஸ்மில்லாஹ் சொல்வதையும், வலது கையால் தன் பக்கத்தில் உள்ளதைச் சாப்பிடுவதையும் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைக்குப் பழக்கம் வருவது பக்கத்தில் இருந்தால்தான்.

இந்த ரமழானில் கஞ்சிக்கு உள்ளி உரிப்பது மகளின் பொறுப்பு. அரிசி கழுவுவதும் றம்பை நறுக்குவதும் மகன். மஃரிபுக்கு முன் பக்கத்து வீட்டுக்குக் கஞ்சி கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்து, "உள்ளி நான்தான் உரிச்சேன் எண்டு சொன்னேன்" என்றாள். அந்த வீட்டு அக்கா தீபாவளிக்கு முறுக்குப் பிழியும்போது இவளையும் கூப்பிட்டு உட்கார வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

சரி, வீட்டில் எந்த வயதில் என்ன கொடுக்கலாம்? என் அனுபவத்தில்:

3, 4 வயது: கீரை ஆய்வது, கரட், உருளைக்கிழங்கு கழுவுவது, கோவா இலையைப் பிய்ப்பது, மேசைக்குக் கோப்பை கொண்டு வருவது.

5, 6 வயது: உள்ளி, சின்ன வெங்காயம் உரிப்பது, அரிசி அளப்பது, மா பிசைவது, ரொட்டி தட்டுவது, தேங்காய்ப்பால் பிழிவது.

7, 8 வயது: பெரியவர் பக்கத்தில் இருக்க, சிறிய கத்தியால் வாழைப்பழம், அவித்த கிழங்கு போன்ற மெதுவானவற்றை வெட்டுவது. பாணுக்குச் சம்பல் வைத்துத் தம்பி தங்கச்சிக்குப் பரிமாறுவது.

9, 10 வயது: பெரியவர் பக்கத்தில் இருக்க மட்டும், தாச்சியில் முட்டை பொரிப்பது, ரொட்டி புரட்டுவது.

திருவலை, கொதிக்கும் சோற்றுப் பானை, சூடான எண்ணெய், மண்ணெண்ணெய் இந்த நான்கும் பிள்ளைகளுக்கு வேண்டாம். தோட்ட வீடுகளில் விறகடுப்புக் காம்பராவில் புகை நிறைந்திருக்கும். பிசைவது, ஆய்வது, உரிப்பது எல்லாவற்றையும் இஸ்தோப்பில் வைத்துக் கொள்ளுங்கள். பிள்ளையின் நெஞ்சுக்கு அந்தப் புகை கூடாது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நமது நாட்டு சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குப்பி விளக்கு சரிந்து எரிந்து வருகிறவர்களை வைத்தியசாலையில் பார்த்துப் பார்த்து, அந்த விளக்கையே மாற்றி அமைத்தார். குட்டையான, பாரமான கண்ணாடிக் குப்பி. உருளாதபடி தட்டையான பக்கங்கள். இறுக்கிப் பூட்டும் மூடி. விழுந்தாலும் எண்ணெய் கொட்டாது. அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. கவனமாக இருங்கள் என்று சனங்களுக்குச் சொல்வதோடு அவர் நிற்கவில்லை, சாமானைத் திருத்தினார். குசினியிலும் அப்படித்தான். சட்டியின் கைபிடியை உள்பக்கம் திருப்பி வையுங்கள். பிள்ளை நிற்க ஆடாத பலகை போடுங்கள். சுடுதண்ணீரை மேசை ஓரத்தில் வைக்காதீர்கள். "கவனம், கவனம்" என்று நூறு தடவை கத்துவதை விட இது பலன் தரும்.

அப்படியும் சுட்டுவிட்டால், உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை பூச வேண்டாம், ஐஸ் வேண்டாம், பட்டர் வேண்டாம். கொப்பளம் வந்தால், அல்லது முகத்திலோ கையிலோ பட்டிருந்தால் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் வகுப்புப் பிள்ளை ஒரு நாள் மணிக்கட்டில் வெள்ளையாகப் பற்பசை பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள். தானே பூசிக்கொண்டாளாம். தண்ணீரில் பிடிக்கச் சொல்லிக் கொடுக்க அந்தக் காலை நேரத்தில் வீட்டில் யாரும் இல்லை.

படிப்பு கெட்டுவிடும் என்று சிலர் சொல்வீர்கள். நமது ஊர்க் குசினியை விட நல்ல விஞ்ஞான கூடம் கிடைக்காது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1270 மீற்றர் உயரம், நுவரெலியா சுமார் 1870 மீற்றர். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீர் கொதிக்கும் வெப்பமும் குறையும். கொழும்பில் 100 பாகையில் கொதிப்பது ஹட்டனில் சுமார் 96இல், நுவரெலியாவில் சுமார் 94இல் கொதித்துவிடும். அதனால்தான் இங்கே பருப்பும் கடலையும் அவிய நேரம் எடுக்கிறது. மகன் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப பிரஷர் குக்கர் எதுக்கு?" என்று தானே கேட்டான். அழுத்தத்தைக் கூட்டத்தான். அப்ப மா நமது குளிரில் ஏன் பொங்காமல் கிடக்கிறது, ஏன் அதை அடுப்படிப் பக்கம் வைக்கிறோம் என்பதெல்லாம் அடுத்தடுத்த சனிக்கிழமைக் கேள்விகள். எல்லாம் அவன் சுற்றாடல் புத்தகத்துக்கு வெளியே படித்தவை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு எடுத்த குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 100க்கு 17 பேர் அளவில். தோட்டப்புறத்தில் 100க்கு 32 பேர் அளவில். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதைச் சமையல் பழக்கி மட்டும் மாற்றிவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். வருமானமும் சம்பளமும் தாயின் போசாக்கும் அதற்குள் இருக்கின்றன. ஆனால் நாடு முழுக்கப் போகும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் விளையும் மண்ணில் இருந்துகொண்டு, காலையும் இரவும் வெறும் ரொட்டியும் சம்பலும் கொடுக்கும் வீடுகள் எத்தனை? அதே ரொட்டி மாவில் ஒரு கரட்டைத் துருவிப் போடுங்கள், லீக்ஸ் இலையை அரிந்து போடுங்கள், முடிந்த நாளில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றுங்கள். பிள்ளையையே போடச் சொல்லுங்கள். தான் போட்டதைப் பிள்ளை ஒதுக்கி வைக்காது.

கடைசியாக முக்கியமான விஷயம். பிள்ளை உதவி செய்வதற்கும் பிள்ளை மேல் பாரத்தை ஏற்றுவதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. நான் மூன்று கேள்விகளால் அதைப் பார்க்கிறேன். அந்த வேலை பிள்ளையின் பாடசாலை நேரத்தை, நித்திரையை, விளையாட்டை எடுக்கிறதா? அடுப்பு எரியும்போது பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கிறாரா? இன்றைக்கு எனக்கு ஏலாது என்று பிள்ளை சொன்னால் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவார்களா? மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், அந்த வீட்டில் பிள்ளைதான் சமையல்காரி. அதைக் கெட்டிக்காரத்தனம் என்று புகழ்ந்துவிட்டுப் போக வேண்டாம். நான் செய்த பிழையை நீங்களும் செய்யாதீர்கள்.

அந்தப் பிள்ளையின் பாட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். குறை சொல்லப் போகவில்லை என்று முதலிலேயே சொன்னேன். தேத்தண்ணி தந்தார். பேசிப் பேசிக் கடைசியில் பக்கத்துக் காம்பரா அக்கா காலை ரொட்டியைத் தன் அடுப்பிலேயே சேர்த்துச் சுட்டுத் தரவும், தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் விடவும் ஒத்துக்கொண்டார். மாவை முதல் நாள் இரவே பாட்டியும் பேத்தியும் சேர்ந்து அளந்து அந்த அக்காவிடம் கொடுக்கிறார்கள். எல்லா நாளும் இது நடப்பதில்லை. அக்காவுக்கு ஏலாத நாளில் அவள் இன்னும் பிந்தித்தான் வருகிறாள். இப்போது நான் ஏசுவதில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்கிறேன். அரைவாசி வீட்டுப் பாடத்தை இடைவேளையில் என் மேசையில் இருந்து முடிப்பாள்.

நமது லயங்களில், நமது தெருக்களில் இப்படி எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். உங்கள் அடுப்பில் இன்னும் இரண்டு ரொட்டி சுடுவது பெரிய செலவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளையையும் பக்கத்தில் கூப்பிட்டு அந்த இரண்டு ரொட்டியைத் தட்டச் சொல்லுங்கள். யாருக்குக் கொடுக்கிறோம் என்று அதற்கும் தெரியட்டும். கொடுக்கும்போது மட்டும் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டாம்.

போன வாரம் எனக்குத் தலைவலி. பின்னேரம் படுத்திருந்தேன். மகன் பாணில் பருப்பை வைத்து, வாழைப்பழத்தை வெட்டி, தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டு எனக்கும் ஒரு தட்டு கொண்டு வந்தான். பருப்பு பச்சைத் தண்ணி மாதிரி குளிர்ந்திருந்தது. அடுப்பை நான் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் சூடாக்கவில்லையாம்.

அப்படியே சாப்பிட்டேன். அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் குசினியில் என்ன செய்வார்கள் என்று எழுதுங்கள். மற்றப் பெற்றோருக்கும் உதவும்.